காரணம் தெரியாமல் வற்றிய தண்ணீர்

என் மகள் நந்தினியின் பள்ளியில் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிறார்கள். அவளுடைய வகுப்பில் எல்லோரும் பெயர் கொடுத்தாயிற்று, அவளைத் தவிர. "என்னப்பா சொல்றீக?" என்று காலையில் கேட்கிறாள். "பாப்போம்" என்கிறேன். மாலையில் மறுபடி கேட்கிறாள். மறுபடி "பாப்போம்". அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. கடைசியாகக் கடலைப் பார்த்தபோது ஏழு. அதற்குப் பிறகு கடல் இருக்கும் திசைக்கே நான் அவளைக் கூட்டிப்போனதில்லை. தூத்துக்குடியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தபோதுகூட நான் மட்டும் போய், மண்டபத்தை விட்டு வெளியே வராமல் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

போகட்டும் என்று சொல்வதா, வேண்டாம் என்பதா? யோசிக்க உட்கார்ந்தாலே ஓர் ஆள் நினைவில் வந்து இடுப்பில் கைவைத்து நிற்கிறார். உத்தமபாளையத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. தெருவில் அவருக்குப் பல பெயர்கள் உண்டு. எங்களுக்கு வீட்டுக்காரம்மா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கட்டையான உடம்பு, உரத்த குரல். ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மொபெட்டில் தோட்டத்துக்குப் போவார். பந்தலில் மருந்தடிக்கும் ஆட்களை அதட்டுவார். வியாபாரிகளை அதைவிட அதிகமாக அதட்டுவார். அடக்கம், நாணம் என்று சொல்கிற எதுவும் அவரிடம் கிடையாது. அவர் இல்லாத இடத்தில் அதைப் பற்றிப் பேசாதவர்களும் தெருவில் கிடையாது.

நாங்கள் குடிவந்த அன்று சாமான்களை மாடியில் ஏற்றி முடித்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்க்கிறவன் நான். பாரம் தூக்கிப் பழக்கமில்லை. வீட்டுக்காரம்மா மேலே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். கொல்லைப்பக்கக் கதவை மறைத்துப் பீரோவை வைத்திருந்தேன். அதற்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, இந்த பீரோ இங்கன எதுக்கு?"

"அந்தக் கதவு நமக்குத் தேவைப்படாதுக்கா. முன்னாடிதான் படி இருக்கே."

"முன்படியில தீப்பிடிச்சுச்சுன்னா?"

"அங்க ஏன் தீப்பிடிக்கப் போகுது?"

"அது எனக்கும் தெரியாது. தெரியாததுனாலதான் கேக்குறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் தோளைக் கொடுத்து பீரோவைத் தள்ள ஆரம்பித்தார். நானும் தள்ளினேன். அது நகர்ந்ததும் என் மனைவியைக் கூப்பிட்டு, ஒரு வயது நந்தினியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் படி வழியாக ஒருமுறை இறங்கச் சொன்னார். இவள் இறங்கினாள். கீழே போய்ச் சேர்ந்தாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "இனி ஒங்க வீடு, நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு என் மனைவி, "நல்ல மனுசிதான், கொஞ்சம் கிறுக்குப் போல" என்றாள்.

கிறுக்கு என்பது பெரும்பாலானவர்களின் முடிவாக இருந்தது. அவருடைய கொழுந்தனார், மறைந்த கணவரின் தம்பி, எதிர்வீட்டில் இருந்தார். பேச்சில் கெட்டிக்காரர். அண்ணியைத் தூரத்தில் பார்த்தாலே, "விசாரணைக் கமிஷன் வருதுப்பா, எல்லாரும் சாட்சிக்குத் தயாரா இருங்க" என்பார். அந்தப் பெயர் தெரு முழுக்க நிலைத்துவிட்டது. வீட்டுக்காரம்மாவுக்கும் அது தெரியும். ஒருநாள் கொழுந்தனாரிடம், "கமிஷனுக்கு ஒரு டீ சொல்லு" என்று அவரே கேட்டார்.

விசாரணை எதைப் பற்றியும் இருக்கும். குழாயில் தண்ணீர் வேறு நிறத்தில் வந்தால், பஸ் வழக்கமில்லாத பாதையில் திரும்பினால், தெருநாய்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் குரைத்தால், காரணம் தெரியும்வரை விடமாட்டார். தெரிந்துவிட்டால் அந்த நிமிடமே மறந்துவிடுவார். பயந்த சுபாவம் என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் பாம்பு வந்தால் கம்பை எடுத்துக்கொண்டு முதலில் போகிறவர் அவர்தான். பாம்பு அவருக்குப் புரிந்த விஷயம். புரியாததுதான் அவரை நிம்மதியாக உட்காரவிடாது.

அவருக்கும் ஊருக்கும் இருந்த சண்டையை முல்லையாற்றின் கரையில் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆறு மழையை மட்டும் நம்பி ஓடுவதில்லை. மேலே லோயர்கேம்ப்பில் மின்சாரம் எடுத்துவிட்டு அனுப்புகிற தண்ணீர்தான் எங்களுக்கு வரும். அங்கே மிஷின் நின்றால், கொஞ்ச நேரத்தில் இங்கே தண்ணீர் இறங்கும். பாறைகள் முதுகைக் காட்டும். குழிகளில் கெண்டையும் கெளுத்தியும் மாட்டிக்கொண்டு துள்ளும். "மிஷினை நிறுத்திட்டாக" என்று யாராவது ஒருவர் குரல் கொடுத்தால் போதும், தெருவே கூடை, பழைய கொசுவலை, துண்டு, குண்டான் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிடும். வற்றுகிற தண்ணீர் எங்களுக்குக் கொண்டாட்டம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

வீட்டுக்காரம்மா மட்டும் படித்துறையில் நிற்பார்.

"யாரு நிறுத்துனது? எதுக்கு நிறுத்துனாக?"

"மதினி, மிஷினுக்குக் காய்ச்சலாம், ஊசி போடுறாகளாம். எறங்குங்க" என்பார் கொழுந்தனார் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு.

அவர் இறங்கமாட்டார். எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்துபோய், பவர்ஹவுஸ் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் தூரத்து உறவுக்காரர் ஒருவருக்குப் போன் போடுவார். அவர் வெளியே வந்து யாரையாவது விசாரித்துச் சொல்லவேண்டும். பராமரிப்பு வேலை, சாயங்காலம்வரை தண்ணீர் வராது என்று தெரிந்ததும் வீட்டுக்காரம்மா திரும்பி வந்து, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லோரையும் தள்ளிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போவார். தாமதமாக வந்தாலும் அவர் கூடைதான் முதலில் நிறையும்.

"இவுக விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள மீனுக்கு வயசாகிப்போகுது" என்பார் கொழுந்தனார்.

ஒருமுறை நானே கேட்டேன். "எப்பவும் மிஷின்தானேக்கா? ஒவ்வொரு தடவையும் எதுக்குப் போன்?"

"எப்பவும் மிஷின்தான் தம்பி. இன்னைக்கும் மிஷின்தானான்னு கேக்குறேன்." பிறகு, எனக்குப் பாடம் சொல்கிற தொனி எதுவுமில்லாமல், கூடையில் மீனைக் குலுக்கிக்கொண்டே சொன்னார். "புரியலைன்னா மேல ஏறிக்கிடணும். புரிஞ்ச பெறகு எறங்கலாம். எறங்குறதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நாங்கள் அந்த வீட்டில் இருந்த வருடங்களில் ஒருமுறைகூட அவருடைய சந்தேகம் ஆற்றங்கரையில் பலித்ததில்லை. ஒவ்வொரு முறையும் மிஷின்தான். இதைச் சொல்லவேண்டும். அவர் முக்காலமும் உணர்ந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தப்பாகப் போன தடவைகள்தான் அதிகம்.

அதில் பெரிய தப்பு, தேவதானப்பட்டியில் கொழுந்தனார் மகள் கல்யாணத்தில் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் ஊற்றியாகிவிட்டது. கூரையில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் ஓர் இலையில் விழுந்தது. வீட்டுக்காரம்மா எழுந்துவிட்டார்.

"எல்லாரும் எந்திரிங்க. வெளிய போங்க."

"மதினி, பந்தியில ஆளு உக்காந்திருக்கு."

"கூரையில என்ன சத்தம்னு சொல்லு, உக்காரச் சொல்றேன்."

கொழுந்தனாருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரம்மா சம்பந்தியின் கையையே பிடித்துத் தூக்கிவிட்டார். சாம்பார் கையோடு இருநூறு பேர் மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றோம். மாடியில் சமையல்காரர்கள் காலி டிரம்மை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவ்வளவுதான். சம்பந்தி வீட்டார் சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மறுபடி பந்திக்கு வரவேயில்லை. உண்ணுகிறவனை இலையிலிருந்து எழுப்புவது எங்கள் பக்கம் சின்ன அவமானம் இல்லை.

கொழுந்தனார் கண் கலங்கிவிட்டது. "மானத்தை வாங்கிட்டீகளே மதினி. ஊரே சிரிக்குது."

"சிரிக்க ஆளு இருக்குல்ல" என்றார் வீட்டுக்காரம்மா. "அது போதும்."

அதற்குப் பிறகு கொழுந்தனார் அவரிடம் ஒரு வருடம் பேசவில்லை. நானும் அன்று மனதுக்குள் கொழுந்தனார் பக்கம் நின்றேன். எல்லோர் நிம்மதியையும் கெடுத்துவிட்டு இந்த அம்மாளால் எப்படிக் கொஞ்சமும் கூசாமல் நிற்க முடிகிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பேச்சுவார்த்தை மறுபடி ஒட்டிக்கொண்ட அந்த டிசம்பர் விடுமுறையில்தான் வீட்டுக்காரம்மாவும் கொழுந்தனார் குடும்பமும் நாங்களும் ஒரு வேனில் குமரிக்குப் போனோம். காலையில் சூரியன் எழுவதைப் பார்த்தோம். பிள்ளைகள் கடலில் விளையாட வேண்டும் என்றார்கள். முனையில் கூட்டமாக இருந்ததால் டிரைவர் கரையோரமாகவே ஓட்டி, ஒரு சின்ன மீனவ ஊரின் மணலில் கொண்டுபோய் நிறுத்தினார். வேனைவிட்டு இறங்கியதும் வீட்டுக்காரம்மா கடலைப் பார்க்கவில்லை. ஊரைப் பார்த்தார். சற்று மேட்டில் இரண்டு மாடிக் கான்கிரீட் வீடு ஒன்று, வெளிப்பக்கமாகப் படியோடு நின்றது.

"ஏறணும்னா அங்கன ஏறலாம்" என்றார்.

"கடலுக்கு வந்தவுக மாடிப்படியைப் பாக்குறாகளே" என்று கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம்.

பிள்ளைகள் மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு வேன்களில் வந்தவர்களும் இருந்தார்கள். கடல் பின்வாங்க ஆரம்பித்ததை நாங்கள் யாரும் முதலில் கவனிக்கவில்லை. அலைச் சத்தம் குறைந்துபோனதால்தான் நிமிர்ந்து பார்த்தோம். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பாசி பிடித்த பாறைகள் வெளியே வந்தன. கரையோரம் மிதந்த வள்ளம் ஒன்று மெதுவாகச் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது. ஈரமணலில் மீன்கள் துள்ளின.

வேறு ஊர்க்காரர்கள் திகைத்து நின்றிருக்கலாம். நாங்கள் திகைக்கவில்லை. தண்ணீர் வற்றினால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் காலுக்கே தெரியும். கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மதினி, கடலுக்கும் லோயர்கேம்ப்ல மிஷினை நிறுத்திட்டாக. வாங்க, அள்ளுவோம்."

வீட்டுக்காரம்மாவையும் என் மனைவியையும் தவிர எல்லோரும் இறங்கினோம். நான் நந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். சற்று முன்பு கடலாக இருந்த தரையில் நடந்தோம். அவள் ஒரு பெரிய சங்கைக் கண்டெடுத்து, உள்ளே ஏதோ அசைகிறது என்று கூவினாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னும் பெரியது கிடக்கும் என்று நான் சொன்னேன்.

கரையில் வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. "யாரு நிறுத்துனது?"

எங்கள் வேனில் வந்தவர்கள் அனைவரும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் எங்களை விட்டுவிட்டு, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் போனார். அந்த மீனவர் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி பக்கத்தில் நின்றதால் அந்தப் பேச்சு எனக்குப் பிறகு தெரியவந்தது.

"அய்யா, இங்கன இப்படி வத்துமா?"

"இல்லம்மா. எனக்கு ஓர்மை தெரிஞ்ச நாள்ல இருந்து இப்பிடி கண்டதில்ல."

"இப்ப என்ன செய்யும்?"

"தெரியல்லம்மா."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சுனாமி என்ற சொல்லை அன்று அந்தக் கரையில் நின்ற யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியாது. கடலிலேயே வாழ்கிறவருக்குத் தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்தது. எங்களைப் பார்த்து, "ஏறுங்க, மேல ஏறுங்க" என்று கத்தினார். கொழுந்தனார் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார்.

அப்போது அவர் ஒன்று செய்தார். காரணம் தெரியாமல் ஒருநாளும் இறங்காதவர் விறுவிறுவென்று கடல் தரைக்குள் இறங்கி வந்தார். நந்தினியை என் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பி ஓட ஆரம்பித்தார். சங்கு கீழே விழுந்தது. பிள்ளை வீறிட்டாள்.

"அக்கா, என்ன செய்றீக?" என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். கரையிலிருந்து என் மனைவியும் ஓடினாள். என் சம்மதம் இல்லாமல் என் பிள்ளையை ஒருத்தி தூக்கிக்கொண்டு போகிறாள் என்ற கோபம். பிடித்து நிறுத்தி நன்றாகக் கேட்டுவிடவேண்டும் என்றே ஓடினேன். கொழுந்தனார் மனைவியும் பிள்ளைகளும் எங்கள் சத்தத்துக்குப் பயந்து பின்தொடர்ந்தார்கள். டிரைவரும் வந்தார். ஐம்பத்தைந்து வயது அம்மாளை என்னால் பிடிக்க முடியவில்லை. மணல், மேடு, அந்த வெளிப்படி, முதல் மாடி, மொட்டை மாடி. அங்கே நந்தினியை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்.

"பிள்ளையத் தூக்குனா வருவீகன்னு தெரியும்" என்றார். "இப்ப திட்டுங்க."

நான் வாயைத் திறந்தேன். கீழே ஒரு இரைச்சல் கேட்டது. கூட்ஸ் ரயில் பாலத்தில் போவதுபோல. திரும்பிப் பார்த்தேன்.

அதை அலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அலை வரும், விழும், திரும்பும். இது விழவில்லை. உடைந்த கண்மாயின் தண்ணீர்போல, கறுப்பாக, மணலும் கட்டையும் கலந்து, நிற்காமல் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தது. கொழுந்தனார் கடைசியாக ஓடிவந்தார். இடுப்புவரை தண்ணீர் வந்துவிட்டது. படியின் கைப்பிடியை அவர் பிடித்தார், டிரைவரும் நானும் அவரைப் பிடித்தோம். மேலே வந்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையில் மீன் இன்னும் இருந்தது.

அந்த வீட்டுக்காரர்கள், மீனவர் குடும்பங்கள், வேறு வேன்களில் வந்தவர்கள் என்று மாடி நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திரும்பிப் போயிற்று. தரை தெரிந்தது. எங்கள் வேன் ஒரு சுவரில் சாய்ந்து நின்றது.

"முடிஞ்சிருச்சு" என்றார் கொழுந்தனார். நடுக்கத்தை மறைக்க அவருக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது. "டிரைவர், வாங்க, வண்டியைப் பாப்போம்."

"யாரு சொன்னா முடிஞ்சுருச்சுன்னு?" வீட்டுக்காரம்மா படியின் தலையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். டிரைவரிடம் கையை நீட்டினார். "சாவியக் குடு." வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மதினி, பை எல்லாம் வண்டியில கெடக்கு."

"கெடக்கட்டும்."

"இத்தனை பேரு முன்னாடி அசிங்கப்படுத்தாதீக. வழிய விடுங்க."

"என்னைத் தாண்டிப் போ. மிதிச்சுட்டுப் போ."

அவர் அண்ணியை மிதிக்கவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் அந்தப் படி எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வேறு வேனில் வந்த ஓர் இளைஞர், நல்ல உயரம், காலையில் என்னிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டவர், தன் ஷூவையும் கேமராவையும் மணலில் விட்டிருந்தார். "எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்காரம்மா அவர் சட்டையைப் பிடித்தார். அவர் மரியாதையாகக் கையை விலக்கிவிட்டு, பக்கவாட்டில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் படியில் இறங்கினார். இன்னும் சிலர் அவரைப் பார்த்து இறங்கினார்கள். அடுத்து வந்தது முதலில் வந்ததைவிடப் பெரியது. வேன் போயிற்று. அந்த இளைஞரை நாங்கள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் அன்று இழந்ததை எழுத எனக்குத் தகுதியில்லை. நாங்கள் விருந்தாளியாகப் போனவர்கள். அவர்கள் அங்கேயே வாழ்கிறவர்கள். மீனவர் வீட்டுப் பெண்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததை மட்டும் சொல்லலாம்.

மறுபடியும் மறுபடியும் தண்ணீர் வந்தது, போனது. போலீஸ்காரர்கள் வந்து சொல்லும்வரை வீட்டுக்காரம்மா எங்களை இறங்கவிடவில்லை. மத்தியானம் நந்தினி என் மனைவியின் மடியில் தூங்கிய பிறகு, நான் அவர் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தேன். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையைப் பிடித்த கை.

"எங்க அக்காவும் இப்படித்தான் தம்பி" என்றார். "அதுக்கு எறங்குற ஆசை இல்ல. ஏற வெக்கம்."

சுருளிப்பட்டியில் அவர் சிறுமியாக இருந்தபோது நடந்தது. ஓடையில் அக்காவும் இவரும் குளித்துக்கொண்டிருந்தார்கள். வானம் வெறிச்சென்று இருந்தது. மலையில் எங்கோ மழை. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியுமாக வந்தது. கரையில் மாடு ஓட்டிவந்த ஆண்கள் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார்கள். சின்னப்பிள்ளை இவர் ஏறிவிட்டார். வயதுக்கு வந்த அக்கா மார்போடு பாவாடை கட்டியிருந்தாள். இத்தனை ஆண்கள் பார்க்க எப்படி ஏறுவது என்று கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லு என்று தங்கையிடம் சொன்னாள். அவர்கள் திரும்பி நின்றார்கள். வெள்ளத்துக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

"அன்னையோட வெக்கத்தை விட்டுட்டேன்" என்றார்.

பிறகு பத்திரிகைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நிறையச் சொன்னார்கள். நானும் விடாமல் படித்தேன். கரையில் நிற்கும்போது நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, இரைச்சல் கேட்டாலோ யாரும் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மேட்டுக்கோ உறுதியான மாடிக்கோ போகவேண்டும். எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. முதல் அலையோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்தும், தூக்கத்தில் அந்த இளைஞரின் சிரித்த முகம் வரும்போது எழுந்து நந்தினி படுத்திருக்கிறாளா என்று தடவிப் பார்க்கிறேன். அறிகுறிகளைப் படிக்கலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டு இறங்கும்போது ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் நடப்பதற்கு எதைப் படிப்பது?

வீட்டுக்காரம்மா போன வருடம் காலமானார். நெஞ்சு வலி. கொழுந்தனார்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

இதெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நேற்றுவரை "பாப்போம்" என்று சொல்லிவந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இப்போது வேறு தெருவில் இருக்கிறோம். ஆனால் அதே ஆறுதான். காலையில் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பும்போது, "மிஷினை நிறுத்திட்டாக" என்ற குரல் கேட்டது. படித்துறைக்குப் போனேன். தண்ணீர் இறங்கிவிட்டது. தெரு முழுக்க ஆற்றுக்குள். நந்தினியின் தோழிகளும் உள்ளே நின்றார்கள். நந்தினி கரையில், கடைசிப் படிக்கு இரண்டு படி மேலே, கையில் கூடையோடு நின்றாள். நான் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றதை அவள் பார்க்கவில்லை.

"ஏய், என்னடி அங்கன செலை மாதிரி நிக்கிற?" என்றாள் ஒருத்தி.

"யாரு நிறுத்துனது?" என்று கேட்டாள் நந்தினி.

"ம், ஒங்க தாத்தா. எறங்குடி."

"எதுக்கு நிறுத்துனாகன்னு கேட்டுட்டு வாரேன்."

"இவளுக்குத் தண்ணின்னா பயம்டி. அதான் டூருக்கும் வரல."

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி தண்ணீரை வாரி அவள்மேல் இறைத்தாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஓரடி எடுத்துவைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"சிரிங்க, சிரிங்க" என்றாள். "சிரிக்க ஆளு இருக்குல்ல."

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வயதில் இடுப்பில் தூக்கிப்போன கொல்லைப் படி அவளுக்கு நினைவிருக்காது. கல்யாண மண்டபத்தில் சாம்பார் கையோடு வெயிலில் நின்றது மங்கலாக நினைவிருக்கலாம். அந்தப் பேச்சை அவளுக்கு நாங்கள் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள். "அப்பா, செல்லக் குடுங்க. அந்த டீக்கடை நம்பர் அதுல இருக்குல்ல?"

இருந்தது. வீட்டுக்காரம்மா போனபின்பும் நான் அதை அழிக்கவில்லை. அவளே பேசினாள். டீக்கடைக்காரர் விசாரித்துவிட்டுத் திரும்ப அழைக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் தோழிகள் பாதிக் குண்டான் நிரப்பிவிட்டார்கள். அழைப்பு வந்தது. கேட்டாள். தலையாட்டினாள். என்னிடம் செல்லைக் கொடுத்துவிட்டுப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள்.

"வால்வு மாத்துறாகளாம். மத்தியானம் வரைக்கும் வராதாம்" என்று தோழிகளுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

"நந்தினி" என்று கூப்பிட்டேன்.

தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு டூருக்குப் பேரு குடுத்துரு."

ஒருகணம் என்னையே பார்த்தாள். பிறகு கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, சிரித்தவர்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, நடு ஆற்றுக்குப் போனாள்.